எதிரணி சாட்சிக்குக் குறுக்கு விசாரணை



"தாராளமயம் சாமானியனுக்குக் கொடுத்தது அதிகமா, எடுத்தது அதிகமா?" கொடுத்ததே அதிகம் என்று பேசிய எதிரணித் தம்பி, போகிற போக்கில் ஒரு சாட்சியையும் மேடையில் ஏற்றிவிட்டுப் போனார். யாரு? மில்டன் ஃபிரீட்மன்! 1976-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர். சாதாரண சாட்சி இல்லை. எதிர்க்கட்சி வக்கீல் சாட்சியைக் கொண்டு வந்தால் நாம என்ன செய்யணும்? குறுக்கு விசாரணை பண்ணணும். அதைத்தான் நான் பண்ணப்போறேன். (கைதட்டல்)

முதல்ல, அவர் சொன்னதில் இருக்கிற உண்மையை ஒத்துக்கிறேன். 1955-லேயே அந்த மனுஷர் இந்தியாவுக்கு வந்து, நம்ம அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தொழில் செய்யறவன் கழுத்தை லைசென்ஸ் கயிறு போட்டு இறுக்காதீங்க என்பதுதான் அதன் சாரம். 1959-ல் சுதந்திராக் கட்சி கண்ட நம்ம ராஜாஜி, அதே நோயை "பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்"னு சொன்னார். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்த தலைமுறை ஐயா நாம! கல்யாணத்துக்குப் புக் பண்ணின வண்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசுல வந்து நிக்கும். (சிரிப்பு) 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை போச்சு. நல்லது நடந்தது. மறுக்கல.

ஆனா, ஃபிரீட்மன் சந்தையை ஏன் நல்லதுன்னு சொன்னார்? அதைத் தம்பி சொல்லாம விட்டுட்டார். விற்கிறவன், வாங்குறவன் ரெண்டு பேரும் விவரம் தெரிஞ்சு, மனசார ஒத்துக்கிட்டாத்தான் ரெண்டு பேருக்கும் லாபம். அந்தச் சம்மதம்தான் அவருடைய சந்தைக்கு அஸ்திவாரம்.

ஒரு உதாரணம் சொல்றேன். நடுவர் ஐயா இங்கே மேடையில் உட்கார்ந்திருக்கார். அவர் கார் வெளியில் நிக்குது. நான் அதை எதிரணித் தம்பிக்கு ஒரு லட்சத்துக்கு வித்துடறேன். எனக்குப் பணம், தம்பிக்குக் கார். ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம், முழு லாபம்! பட்டிமன்றம் முடிஞ்சு வெளியே போற ஐயாவை யாராவது கேட்டோமா? (பலத்த சிரிப்பு) இதுக்குப் பேரு வியாபாரமா ஐயா?

சிரிச்சீங்க. இது சிரிப்பாப் போகாத ஓர் ஊருக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம், தேர்வாய் கண்டிகை. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழுகிற கிராமம். ஊரை ஒட்டி மேய்ச்சல் நிலமும் காடும். ஆடு மாடு மேயும். அடுப்புக்குச் சுள்ளி கிடைக்கும். பழமும் பச்சிலையும் கிடைக்கும். காட்டில் பெய்த மழைதான் ஏரிக்கு வரும். யார் பேரிலும் பட்டா கிடையாது. கணக்கில் அது புறம்போக்கு. ஆனா வாழ்க்கைக் கணக்கில் அதுதான் அவங்க வரவு!

அங்கே ஆயிரம் ஏக்கருக்கும் மேலான நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போச்சு. 2009-ல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் டயர் கம்பெனி தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 4,000 கோடி ரூபாய். கொடுத்தவர் அரசாங்கம், வாங்கியவர் கம்பெனி. ரெண்டு பேருக்கும் சம்மதம். மாடு மேய்ச்சவன்? நடுவர் ஐயா மாதிரி, காரைத் தேடிக்கிட்டு வெளியே நிக்கிறான்! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை. (கைதட்டல்)

மக்கள் வேண்டாம்னு சொன்னாங்க. போராடினாங்க. 2012-ல் தொண்டு அமைப்புகளோடும் தொழிற்சங்கத்தோடும் சேர்ந்து பிரெஞ்சு அரசின் அமைப்பு ஒன்றிலேயே புகார் கொடுத்தாங்க. தேர்வாயில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க, பாரிஸ் வரைக்கும் போக வேண்டியிருந்தது!

தம்பி சொல்லலாம்: "புறம்போக்கு அரசாங்கச் சொத்துதானே? கம்பெனி லாபம் பார்த்தா என்ன தப்பு?" 1970-ல் ஃபிரீட்மன் எழுதினார், கம்பெனியின் பொறுப்பு லாபம் சம்பாதிப்பதுன்னு. அதே மூச்சில், ஆட்டத்தின் விதிக்கு உட்பட்டு, ஏமாற்றாமல்னும் எழுதினார். 1962-ல் எழுதிய புத்தகத்தில், ரெண்டு பேர் செய்யற பேரத்தால் மூணாவது ஆளுக்கு ஏற்படற பாதிப்பைப் பத்தியும் பேசியிருக்கார். அங்கே சந்தை மட்டும் போதாது, அரசாங்கத்துக்கு வேலை இருக்குன்னு ஒத்துக்கறார். மூணாவது ஆளைக் காக்க வேண்டிய அரசாங்கமே அவன் நிலத்தைக் கொடுக்கிற ஆளா நின்னா, அவன் யார்கிட்ட போவான்?

தொழிற்சாலை வேண்டாம்னு நான் சொல்லல ஐயா. படிச்ச பிள்ளைக்கு வேலை வேணும். ஆனா, பட்டா வெச்சிருக்கிறவனுக்கு நோட்டீஸ் வருது, விலை பேசறாங்க, கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு. மூணு தலைமுறையா மாடு மேய்ச்சவனுக்குக் காகிதம் இல்லைங்கிற ஒரே காரணத்தால் அவன் இழப்புக்கு விலை சைபர். அவனையும் உட்காரவெச்சுப் பேசி, மேய்ச்சலுக்கு மாற்று, ஏரிக்குத் தண்ணி, பிள்ளைக்கு நிரந்தர வேலைன்னு எழுதிக் கொடுத்துட்டு, அவன் சரின்னு சொன்ன பிறகு வேலி போடுங்க. அப்போ அது வியாபாரம். கேட்காம எடுத்தா, அதை ஃபிரீட்மன் பேரைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

ஆகவே நடுவர் ஐயா, எதிரணி கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறார். ஸ்கூட்டர் சீக்கிரம் வந்ததையும் கணக்கில் எழுதுங்கள். மேய்ச்சல் காடு போனதையும் எழுதுங்கள். கேட்காமலே எடுக்கப்பட்டவன் பக்கம் நின்று, எடுத்ததே அதிகம் என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன்.