சட்டம் பேசிய மொழிகள்



இங்கிலாந்துச் சட்டத்தின் வரலாற்றை ஒரு மொழி மன்றத்தின் மேடையில் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஜொகூர் நீதிமன்றங்களில் இன்று நடைபெறும் வழக்குகளின் நடைமுறையும், குற்றங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள இலக்கணமும் பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டத்தின் வழிவந்தவை. அதனினும் நமக்கு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் தன் சொந்த மக்களின் மொழியைப் பேசத் தொடங்கவே பல நூற்றாண்டுகள் ஆயின.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்கள் பேசியது பிரெஞ்சு. ஏட்டில் எழுதியது இலத்தீன். குடிமக்கள் பேசியது ஆங்கிலம். 1154 முதல் 1189 வரை ஆண்ட இரண்டாம் ஹென்றி, அரச நீதிபதிகளை ஊர்தோறும் அனுப்பி வழக்குகளைத் தீர்க்கச் செய்தார். ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங்கள் மெல்ல மெல்ல நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு நெறியாயின. இதனையே பொதுச்சட்டம் என்கிறோம். முன் வழங்கிய தீர்ப்பு பின்வரும் வழக்கிற்கு வழிகாட்டும் என்பது இதன் உயிர்நாடி. தமிழில் 'வழக்கு' என்னும் ஒரே சொல் மரபையும் குறிக்கிறது, மன்றத்தில் தொடுக்கப்படும் பிணக்கையும் குறிக்கிறது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கண வகுப்பில் படிக்கும் மாணவர்க்கு, மரபிலிருந்து சட்டம் பிறந்த கதை வியப்பளிக்காது.

ஆனால் இந்தப் பொதுநெறி பொதுமக்களுக்குப் புரியாத மொழியில் இயங்கியது. வழக்குரைஞர்கள் பிரெஞ்சில் வாதாடினர். மன்றப் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. தன் நிலத்துக்காகவோ தன் உயிருக்காகவோ மன்றத்தில் நின்ற உழவனுக்கு, தன் சார்பில் பேசப்பட்டது எது, தனக்கு எதிராகப் பேசப்பட்டது எது என்றே விளங்கவில்லை. 1362இல் நாடாளுமன்றம் இக்குறையை வெளிப்படையாக ஏற்று, வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது என்பது வரலாற்றின் குறும்பு. பதிவேடுகளோ அதற்குப் பின்னும் இலத்தீனிலேயே நீடித்தன. 1733 மார்ச்சு 25 முதலே மன்ற நடவடிக்கைகள் அனைத்திற்கும் ஆங்கிலம் கட்டாயமாயிற்று. கணக்கிட்டால் 667 ஆண்டுகள்!

நூற்றுக்கணக்கான தீர்ப்புத் தொகுதிகளில் சிதறிக் கிடந்த ஒரு சட்டத்தைக் கடல் கடந்து கொண்டுசெல்வது எளிதன்று. அதற்கு ஒரு வழி வகுத்தவர் மெக்காலே. இந்தியாவுக்காக அவர் தலைமையில் 1837இல் ஆக்கப்பட்ட தண்டனைச் சட்ட வரைவு, 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியக் கல்வி குறித்து அவர் கூறியவற்றை நாம் மறந்துவிட முடியாது. ஆயினும் சட்டத்தைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறையை மறைப்பது நேர்மையாகாது. பல விதிகளுக்குக் கீழே சிறு சிறு எடுத்துக்காட்டுக் கதைகளை அவர் அமைத்தார். ஒருவன் குழி தோண்டி, அதன்மேல் குச்சிகளையும் புல்லையும் பரப்பி வைக்கிறான். கெட்டியான தரை என்று நம்பி மற்றொருவன் கால் வைத்து விழுந்து இறக்கிறான். முன்னவன் செய்தது என்ன குற்றம்? நூற்பாவும் உரையும் எடுத்துக்காட்டும் சேர்ந்து வரும் நம் இலக்கண நூல்களின் அமைப்பு இங்கே நினைவுக்கு வருகிறது.

இந்தச் சட்டத் தொகுப்பை ஒட்டியே 1871இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னாளில் அது தீபகற்பம் முழுமைக்கும் உரியதாயிற்று. ஆக, குற்றச் சட்டம் இலண்டனிலிருந்து நேராக இங்கு வரவில்லை. நம் முன்னோரைப் போலவே இந்தியா வழியாகக் கப்பலேறி வந்தது.

ஜொகூரின் கதை சற்றுத் தனித்தன்மை உடையது. சுல்தான் அபு பக்கார் 1895 ஏப்ரலில் இம்மாநிலத்திற்கு எழுத்து வடிவிலான அரசமைப்பை அளித்தார். சிங்கப்பூரிலிருந்த ஆங்கிலேய வழக்கறிஞர்களின் துணை அதற்கு இருந்தது. எனினும் அது மலாய்மொழியில் அமைந்தது. மாநிலத்தை அயல் அரசுக்கு ஒப்படைக்க மன்னருக்கே உரிமையில்லை என்றும் விதித்தது. 1913இல் துருக்கியரின் உரிமையியல் சட்டத் தொகுப்பான மஜல்லாவையும் ஜொகூர் மலாயில் பெயர்த்து வெளியிட்டது. மறு ஆண்டே ஆங்கிலேயத் தலைமை ஆலோசகரை ஏற்க நேர்ந்தாலும், ஒரு சிற்றரசு தன் சட்டத்தைத் தன் மொழியில் படிக்க விழைந்ததை நாம் பெரிதாகவே மதிக்கிறோம். ஆங்கிலப் பொதுச்சட்டம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே இங்கு முறைப்படி நுழைந்தது. 1956இன் உரிமையியல் சட்டம் அதனை உறுதிசெய்தது.

தமிழில் இத்தகைய முயற்சி இல்லாமல் இல்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய முதல் நாவலாசிரியராக மாணவர் அறிவர். அவரே 1862இல் உயர் மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் வெளியிட்டார். இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு அது. நாவலைக் கொண்டாடும் நாம் இந்நூலை ஏறத்தாழ மறந்துவிட்டோம்.

மறந்ததால் என்ன இழப்பு? ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவும் 300ஆம் பிரிவும் உயிரிழப்பு விளைவிக்கும் குற்றத்தை இரு படிகளாக வகுக்கின்றன. செய்தவனுடைய நோக்கமும் அறிவும் எந்த அளவின என்பதை வைத்தே இவை வேறுபடும். திடீரெனக் கடுமையாகத் தூண்டப்பட்டுத் தன்னிலை இழந்து ஒருவன் தாக்கியதால் உயிர் போயிருந்தால், அது மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கக்கூடும். மேற்படிக்குரிய 302ஆம் பிரிவில் மரண தண்டனை 2023 சூலை வரை கட்டாயமாக இருந்தது. இப்போது அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. கீழ்ப்படிக்குரிய 304ஆம் பிரிவின் உச்ச தண்டனை முப்பது ஆண்டுச் சிறை; கொல்லும் நோக்கம் இல்லாதபோது பத்து ஆண்டு. மலாய்ச் சட்டம் மேற்படிக்குத் தன் சொந்தச் சொல்லான 'பூனோ' என்பதை வைத்துக்கொண்டு, கீழ்ப்படிக்கு 'ஹோமிசிட்' என்ற கடன்சொல்லை ஏற்றுக்கொண்டது. தமிழிலோ பேச்சிலும் நாளேட்டிலும் இரண்டும் 'கொலை'தான். தமிழகச் சட்ட நூல்கள் கீழ்ப்படியை 'கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல்' என்பது போன்ற நீண்ட தொடரால் குறிக்கின்றன. அது துல்லியமானது, ஆனால் குற்றக் கூண்டில் நடுங்கி நிற்பவர் காதில் அதிலும் 'கொலை' என்னும் சொல்தானே முதலில் விழும்?

நீதிமன்ற மொழி மலாய்; குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அதனை அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டமே. ஆகவே குறைக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒன்று தமிழர் ஒருவருக்குப் படித்துக் காட்டப்படும் அந்தச் சில நொடிகளில், 1362இன் அந்த உழவனுக்கு நேர்ந்தது இவருக்கும் நேருமா என்பது மொழிபெயர்ப்பாளரின் சொல்லைப் பொறுத்தது. ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று அவரிடம் கேட்கப்படும். அவர் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இந்த இரு படிகளுக்கும் எழுத்தறிவு குறைந்தவரும் உடனே பிரித்தறியும்படியான இரு தனித் தமிழ்ச் சொற்கள் தேவை. இவ்வரங்கில் இருக்கும் தமிழாசிரியர்களிடமும் சட்டம் பயிலும் மாணவர்களிடமும் அச்சொற்களைக் கேட்கவே வந்தோம். பரிந்துரைகளை எழுதித் தாருங்கள். மன்றம் அவற்றைத் தொகுக்கட்டும்.