பலனில்லை என்று காட்டிய பரிசோதனை

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



புகையையும் கஞ்சாவையும் விட உதவும் மருந்துகளை மருத்துவர்கள் எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

வார்டுகளைச் சுற்றி வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, என் பிள்ளை கஞ்சாவை விட ஒரு மாத்திரை கிடையாதா?" கேட்கிறவர் பெரும்பாலும் தாயாராக இருப்பார். யாரோ சொன்னார்கள் என்று ஏதாவது ஒரு பொடியை வாங்கி, பிள்ளைக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு உண்மையான பதிலைச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பதில் பரிசோதனையிலிருந்துதான் வரவேண்டும்.

ஒருவர் மருந்தைச் சாப்பிட்டார், பழக்கத்தை விட்டார் என்பதால் மட்டும் மருந்துதான் விடவைத்தது என்று சொல்ல முடியாது. மருந்தில்லாமலே அவர் விட்டிருக்கலாம் அல்லவா? ஆகையால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்தார் வேண்டும். தானியேலின் புஸ்தகம் முதலாம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். பத்து நாள் எங்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் கொடுத்து, ராஜபோஜனம் புசிக்கிற வாலிபரோடு எங்கள் முகத்தை ஒத்துப் பாரும் என்று தானியேல் கேட்டுக்கொண்டான். இன்றைய மருத்துவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுவே. சீட்டுப் போடுவதுபோல ஆட்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்பது முடிவுவரை கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. இதற்குச் சம்மதம் என்று அவர்கள் முன்னதாகவே கையெழுத்திட்டிருப்பார்கள்.

முதலில் புகையை எடுத்துக்கொள்வோம். சைட்டிசின் என்பது ஒருவகை மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் மருந்து. பல்கேரியாவில் 1964 முதலே விற்பனையில் உள்ளது. மூளையில் நிக்கோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் தவிப்பு அடங்குகிறது, சிகரெட்டின் சுகமும் குறைகிறது. போலந்து நாட்டின் வார்சா நகரில் 740 பேரிடம் இதைப் பரிசோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரிவுக்கு 370 பேர். ஓராண்டு முடிவில் மருந்து சாப்பிட்டவர்களில் 31 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 பேரும் புகையை விட்டிருந்தார்கள். மருந்து உதவுகிறது என்பது தெளிவு. மருந்து சாப்பிட்டும் 339 பேரால் விட முடியவில்லை என்பதும் தெளிவு. இந்த அடிமைத்தனம் எவ்வளவு பலமானது என்று பாருங்கள். புகையை விட முடியாதவரைத் "திடமனசு இல்லாதவன்" என்று நியாயந்தீர்க்குமுன் இந்த எண்ணை நினைத்துக்கொள்வோமாக.

இனி கஞ்சா. அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்து நம் மருத்துவமனை ஊழியர்களுக்குப் பழக்கமானது. சளியை இளக்கவும், பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் உயிரைக் காக்கவும் கொடுப்பது. அமெரிக்காவில் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் இதைக் கஞ்சாப் பழக்கமுள்ள 15 முதல் 21 வயதுவரையுள்ள 116 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவு நம்பிக்கையூட்டியது. கஞ்சா இல்லை என்று காட்டிய சிறுநீர்ப் பரிசோதனைகள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு சுமார் 41, மற்றப் பிரிவில் சுமார் 27.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் இம்மருந்து கடைகடையாய் விற்றிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. 18 முதல் 50 வயதுவரையுள்ள 302 பேரிடம், ஆறு இடங்களில், மறுபடியும் பரிசோதித்தார்கள். 2017-ல் வந்த முடிவு: மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 22.3, வெற்று மாத்திரைப் பிரிவில் 22.4. பெரியவர்களுக்குப் பலன் ஒன்றும் இல்லை. அதை மறைக்காமல் அப்படியே அச்சிட்டார்கள். கஞ்சாப் பழக்கத்துக்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்த மாத்திரை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இதை வீண் செலவு என்று எண்ண வேண்டாம். இந்த முடிவு தெரிந்ததால், பலனில்லாத மருந்துக்காக ஒரு ஏழைத் தாய் தாலிக்கொடியை அடகு வைக்காமல் தடுக்கலாம். பிள்ளைக்கு மாத்திரை பலிக்கவில்லையே என்று அவர் தன்னையே நொந்துகொள்ளாமலும் காக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் புகைபிடிக்கிற காசநோயாளிகள் 2,472 பேரிடம் சைட்டிசினைப் பரிசோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டு பிரிவினருக்கும் ஊழியர்கள் உட்கார்ந்து ஆலோசனை சொன்னார்கள். ஆறு மாதம் புகையில்லாமல் இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 32.4, வெற்று மாத்திரைப் பிரிவில் 29.7. வித்தியாசம் மிகச் சொற்பம். ஆனால் வெற்று மாத்திரை வாங்கியவர்களிலும் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நோயும், எச்சரிப்பும், ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதும் அவர்களுக்கு உதவியிருக்க வேண்டும் என்றே நாங்கள் எண்ணுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருந்தோடு ஆலோசனையைச் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. அம்மருந்துகளில் சைட்டிசினும் ஒன்று.

ஆகையால் அந்தத் தாயாருக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான்: "அம்மா, புகைக்கு மருந்து உண்டு, டாக்டரைக் கேட்போம். கஞ்சாவுக்கு நிச்சயமான மாத்திரை இன்னும் வரவில்லை. தெரியாமல் எதையும் கலந்து கொடுக்காதீர்கள். பிள்ளையை அழைத்து வாருங்கள், வாராவாரம் பேசுவோம்." அநேகர் புகையிலையோடு கலந்தே கஞ்சா பிடிப்பதால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பேச்சுக்கும் போகிறது. அதற்குக் கட்டடம்போலக் காட்டக்கூடிய அடையாளம் கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பரிசோதனைகளில் வெற்று மாத்திரையை வாங்கிக்கொண்டு, வாரந்தோறும் வந்து சிறுநீரும் கொடுத்துப் போனவர்கள் உண்டு. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு உண்மையான பதில் கிடைக்க அவர்களும் காரணர். உங்கள் ஜெபங்களில் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.