அழையாது வந்த உயிர்கள்



இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் கடற்கரையில் நியூகே என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள புளூ ரீஃப் மீன்காட்சியகத்தின் பவளத் தொட்டி ஒன்று, 2009ஆம் ஆண்டில் காரணம் அறியப்படாமல் சிதைந்துவந்தது. பவளங்கள் வெட்டுண்டன, மீன்கள் காயமுற்றன. பொறிகள் வைக்கப்பட்டன, அவையும் இரவில் சிதைக்கப்பட்டன. இறுதியில் பணியாளர்கள் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியையே பிரித்தனர். உள்ளிருந்து வெளிப்பட்டது ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள கடற்புழு.

அதனை எவரும் அறிந்து கொண்டுவந்து விடவில்லை. பவளத் தொட்டி அமைப்போர் நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறையை அதனுள் இடுவது வழக்கம். மீன்கழிவிலிருந்து தோன்றும் நச்சான அம்மோனியாவை அந்நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அப்பாறையின் துளைகளில் புழு, நண்டு, நத்தை, கடற்சாமந்தி ஆகியனவும் ஒளிந்து வருகின்றன. நியூகே புழுவும் இளம்பருவத்தில் அவ்வாறே வந்திருக்க வேண்டும் எனக் கருதப்பட்டது.

இவ்வாறு வருவன யாவும் பகையா எனின், அல்ல. உடலெங்கும் சுணை நிறைந்த சிறு புழுவைக் கண்டவுடன் அஞ்சிக் கொல்வோர் பலர். ஆனால் அத்தகைய புழுக்களிற் பெரும்பாலானவை எஞ்சிய இரையையும் இறந்த உடலையும் தின்று தொட்டியைத் தூய்மை செய்பவை. இறந்த மீனை அவை மொய்ப்பதைக் கண்டு, அவையே கொன்றன என்று பழி சுமத்துவோரும் உளர். வெறுங்கை பட்டால் சுணை தைக்கும். அதற்குக் கையுறை போதும்.

ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தியோ மலர்போல் அழகாகத் தோன்றும். அது அண்டைப் பவளங்களைக் கொட்டும். பிய்த்தெறிந்தால், பாறையில் எஞ்சிய துணுக்கிலிருந்து மீண்டும் முளைக்கும். ஆகவே தோற்றம் மட்டும் சான்றாகாது.

ஓசையும் அவ்வாறே. இரவில் தொட்டியிலிருந்து 'டக்' என்னும் ஒலி எழுந்தால், அது மீனையும் நண்டையும் வேட்டையாடும் மாண்டிஸ் இறாலாக இருக்கலாம். கொடுக்கைச் சொடுக்கும் பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம். பிஸ்டல் இறால்களுள் சில, கோபி மீனோடு ஒரே வளையில் கூடி வாழ்பவை. ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தால், தீங்கற்றதும் தண்டனை பெற்றுவிடும்.

அறியும் வழி பொறுமையே. விளக்கணைத்துச் சில மணி நேரம் கழித்து, மங்கிய செவ்வொளியில் நோக்க வேண்டும். பாறையைக் கலைக்காமல் படமெடுத்துத் தலை, கால், உணர்கொம்பு ஆகியவற்றை எண்ண வேண்டும். யூனிஸ் இனப் பெரும்புழுவின் தலையில் 5 உணர்கொம்புகள் காணப்படும். அது எதை உண்கிறது என்பதைப் பல இரவுகள் கவனிக்க வேண்டும். ஐயம் தீராவிடின், வேறொரு சிறு தொட்டியில் தனியே வைத்துப் பார்க்கலாம்.

நத்தையை ஈரறிவுடையது என்றும் நண்டை நான்கறிவுடையது என்றும் பகுத்து வைத்தது தொல்காப்பிய மரபியல். அத்தகைய பகுப்பும் உற்றுநோக்கலிற் பிறந்ததே. கண்ணாடித் தொட்டியின் முன் நிற்பவர்க்கும் அதுவே முதற்கடன்.

நியூகே பணியாளர்கள் பெரும் இழப்புக்குப் பின்னரும் அப்புழுவைக் கொல்லவில்லை. அதற்கெனத் தனித் தொட்டி ஒன்றை ஒதுக்கி, 'பாரி' எனப் பெயரும் இட்டனர்.