கடன் முதலா, கருவி முதலா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



'அரசு முதலில் நாட்டுக் கடனைக் குறைக்க வேண்டுமா, தொழில்நுட்பத்துக்குப் பணம் போட வேண்டுமா?' இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் பத்தாவது வரை படிச்சவ. கேட்டதும் பயந்துட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, இதே கேள்வி நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுக் கூட்டத்துல என்னை வச்சே வந்திருக்கு.

அப்போ எனக்கு வெளியில வாரக்கடன் பாக்கி 18,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு வாங்கினது. தவணை கட்ட இன்னொருத்தரிடம் கைமாத்து வாங்குவேன். காதுல கிடந்த தோடும் அடகுக்குப் போயிடுச்சு. அந்த நிலைமையில மோட்டார் வச்ச தையல் மெஷினுக்கு 15,000 உள்கடன் கேட்டேன். "இருக்கிற கடனை முதல்ல அடைம்மா"ன்னு பாதிப் பேர் சொன்னாங்க. "மெஷின் இல்லாம எதை வச்சு அடைப்பா?"ன்னு மீதிப் பேர் கேட்டாங்க.

கடைசியில் தீர்மான நோட்டுல எழுதினது இது: மெஷினுக்குக் கடன் தரலாம். வெளியில புதுக் கடன் வாங்கக் கூடாது. தையல் கூலியில பாதி பழைய பாக்கிக்குப் போகணும். வாராவாரம் கூட்டத்துல கணக்குச் சொல்லணும்.

எல்லார் முன்னாடியும் கணக்குச் சொல்ல எனக்கு வெட்கமாத்தான் இருந்துச்சு. ஆனா பதினாலு மாசத்துல வெளிக்கடன் தீர்ந்தது. அப்புறம் தோடும் வீட்டுக்கு வந்தது.

இப்போ நாட்டுக் கணக்குக்கு வர்றேன். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. நாலில் ஒரு பங்கு! கல்வி அமைச்சகத்துக்கு ஒதுக்கினது 1.28 லட்சம் கோடிதான்.

சரி, தொழில்நுட்பத்தை நிறுத்திட்டா கடன் தீர்ந்திடுமா? செயற்கை நுண்ணறிவுக்காக 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுமதித்த திட்டம், ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து 10,372 கோடி. நான் வட்டியை 365 நாளுக்கு வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சுமார் 3,500 கோடி வருது. அந்த ஐந்து வருஷத் திட்டப் பணம் மூணு நாள் வட்டிக்குத்தான் காணும்.

அப்போ ஓட்டை எங்கே? அதே பட்ஜெட்டில் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டிய பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. அதில் 5.24 லட்சம் கோடி, அன்றாடச் செலவுக்கும் வட்டிக்கும் வருமானம் பத்தாமல் வாங்குவது. மூணில் ஒரு பங்கு. நான் தவணை கட்டக் கைமாத்து வாங்கின கதைதான்.

கடன் எல்லாமே கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கினதே பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியோடதான். அந்தக் கடன் இல்லேன்னா இன்னைக்கு இந்த மேடை ஏது? அதே மாதிரி, கருவின்னு சொல்லி வாங்குறதெல்லாம் கருவியும் இல்லை. தவணையில வாங்கி மூலையில கிடக்கிற சாமான் நம்ம எத்தனை பேர் வீட்டுல இருக்கு!

"செலவைக் குறைன்னா முதல்ல ரேஷன்லதானே கை வைப்பாங்க?"ன்னு எங்க குழு அக்கா ஒருத்தர் கேட்டாங்க. நியாயமான பயம். கடன் அடைச்ச அந்த மாசங்கள்ல பிள்ளைங்க பாலை நான் நிறுத்தல. திருவிழாப் புடவையை நிறுத்தினேன். அரசுக்கும் அந்த வித்தியாசம் தெரியணும்.

அதனால என் கருத்து இது: கடனைக் குறைக்கிறதுதான் முதல். ஆனா அன்றாடச் செலவுக்கு வாங்குற கடனை முதல்ல குறைக்கணும். வேலையும் வருமானமும் கொண்டு வர்ற கருவியில கை வைக்கக் கூடாது. கணக்கை நமக்குப் புரியுற மாதிரி சொல்லணும்.

உள்கடன் கேட்கிற உறுப்பினரிடம் நாம ரெண்டு கேள்வி கேட்போம்: எதுக்கு வாங்குறே? எதிலிருந்து அடைப்பே? 500 ரூபாய்க்கே கேட்கிற நாம, ஓட்டுக் கேட்டு வர்றவங்களிடமும் அதையே கேட்போம்.