மிதித்தவர்களும் சபையின் பிள்ளைகளே

(பழைய மாணவர் கூடுகையின் இரண்டாம் நாள் காலை வழிபாட்டில் பேசியது)



விசுவாசத்துக்காகப் பாடு அனுபவிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடு என்றதும் நமக்கு இரத்த சாட்சிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சாவுக்கும் அசையாமல் நின்றவர்கள். சரி, நிற்க முடியாமல் போனவர்கள் கதை என்ன ஆச்சு? அதைத் தெரிந்துகொள்ள ஜப்பானுக்குப் போக வேண்டும்.

நம் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார், 1549-ல் ஜப்பானில் கால் வைத்தார். சபை வேகமாக வளர்ந்தது. இந்த மதத்துக்குப் பின்னாலேயே அந்நிய ராஜாக்களின் படையும் வருமோ என்று ஆட்சியாளர்களுக்குச் சந்தேகம். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் கொன்றார்கள். 1614-ல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது.

பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். இயேசு அல்லது மரியாளின் உருவத்தைத் தரையில் வைத்து, "மிதி" என்பார்கள். மறுத்தால் சித்திரவதை. நாகசாகிப் பக்கம் இது வருஷா வருஷம் நடந்தது. சிலர் மறுத்து மரித்தார்கள். பலர் மிதித்தார்கள். மிதித்தவர்கள் வீட்டுக்கு வந்து, மன்னிப்புக் கேட்கும் ஜெபத்தை இரகசியமாகச் சொன்னார்கள்.

1640-களுக்குப் பிறகு குருமார் யாரும் மிஞ்சவில்லை. கிராமத்தில் ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார், இன்னொருவர் பண்டிகை நாள்களைக் கணக்கு வைப்பார். ஜெபங்கள் வாய்மொழியாகவே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்படியே 200 வருஷத்துக்கு மேல்!

1865 மார்ச் 17. நாகசாகியில் பிரெஞ்சு குருமார் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்கு உராகாமி கிராமத்தார் கொஞ்சம் பேர் வந்தார்கள். தாங்களும் அதே விசுவாசத்தார்தான் என்று குரு பெத்திஜானிடம் மெதுவாகச் சொன்னார்கள். அவர் திகைத்துப் போனார்.

அதோடு கஷ்டம் தீரவில்லை. உராகாமி மக்கள் 3,000 பேருக்கு மேல் தூர இடங்களுக்குக் கடத்தப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் அங்கேயே இறந்தார்கள். 1873-ல் தடை நீங்கியது. திரும்பி வந்தவர்கள் பழி வாங்கவில்லை. எந்தக் கிராமத் தலைவர் வீட்டில் தங்களை மிதிக்க வைத்தார்களோ, அந்த மனையையே விலைக்கு வாங்கி ஆலயம் கட்டினார்கள். 1945-ல் அணுகுண்டு அதை இடித்தது. 1959-ல் மறுபடி எழுப்பினார்கள்.

நம்ம லேப்ல கான்கிரீட் கியூபை மெஷினில் வைத்து நசுக்குவோம். உடைந்ததும் ரிசல்ட்டை எழுதிக்கொண்டு, கியூபைக் குப்பையில் போடுவோம். மனுஷனை அப்படிப் போட முடியுமா? பேதுரு மூன்று தரம் மறுதலித்தவர். அவரிடம்தான் ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார். 1865-ல் ஆலய வாசலில் நின்றவர்களும், மிதித்துப் பிழைத்தவர்களின் வாரிசுகள்தானே!

மிதித்தது சரி என்று சொல்ல வரவில்லை. சரி என்று அவர்களே நினைக்கவில்லை. அதனால்தான் மன்னிப்புக் கேட்டார்கள். நான் சொல்வது இதுதான்: உறுதியாய் நின்றவர்களைக் கனம் பண்ணுவோம். பயந்து மௌனமானவர்களுக்கு, வேலைக்காகவும் குடும்பத்துக்காகவும் மறைந்து வாழ்கிறவர்களுக்கு, நம் வீட்டுக் கதவைத் திறந்தே வைப்போம். கஷ்டப்படுத்தினவர்களுக்கும் தீமைக்குத் தீமை செய்யாமல் இருப்போம். தீர்ப்புச் சொல்வது நம் டிபார்ட்மென்ட் இல்லை.

 கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.