வட்டத்தைப் பகுக்கும் மேசை

கவராயத்தை எடுத்து ஒரு வட்டம் வரையுங்கள். அதே விரிவுடன் வட்டத்தின் விளிம்பின்மேல் அடியெடுத்து வைத்துக்கொண்டே போனால், ஆறாவது அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள். பள்ளியில் நீங்கள் எல்லோரும் செய்து பார்த்த வித்தைதான் இது. ஆனால் அதே வட்டத்தை ஏழு சம பாகங்களாக்கும்படி ஆசிரியர் கேட்டால், கவராயமும் நேர்விளிம்புச் சட்டமும் கைவிரித்துவிடும். பதினேழு பாகங்களாக்க இயலும் என்று ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1796-இல் கண்டார். ஏழு பாகங்களாக்கவோ இயலவே இயலாது.

கணித நூலில் இது ஒரு சுவையான புதிர். பட்டறையிலோ அன்றாடப் பிழைப்பு. பல்சக்கரத்துக்குப் பல் வெட்டுகிறவரும், குழாய் மூடிக்குச் சுற்றிலும் துளை போடுகிறவரும் நாள் முழுவதும் வட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவுவதுதான் சுழல்மேசை. ரோட்டரி டேபிள் என்று பட்டறைகளில் சொல்லுவார்கள். அதன்மேல் உறுப்பைப் பிடித்து வைத்து, வேண்டிய அளவு திருப்பி, பூட்டி, கருவியை இறக்க வேண்டும். மறுபடியும் திருப்ப வேண்டும். அவ்வளவே அதன் தொழில். சிறு உறுப்புகளைச் செய்கிறவர் இப்படிப்பட்ட மேசையை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

வட்டத்தைப் பகுக்கும் யந்திரத்துக்கு நல்ல வமிசாவளி உண்டு. கடலில் செல்லும் மாலுமி, வானத்துச் சுடர்களின் உயரத்தை அளக்கும் கோணமானியில் ஒரு சிறு கோடு தவறினாலும் கப்பல் திசைமாறிப் போகும். அந்தக் கோடுகளைக் கையினால் ஒவ்வொன்றாக இட்டுவந்த காலத்தில், இங்கிலாந்தில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்னும் கருவி வல்லுநர் அதற்கென்றே ஒரு யந்திரம் சமைத்தார். அதன் விவரத்தை 1777-இல் நூலாகவும் வெளியிட்டார். அதில் 45 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரம் ஒன்று. அதன் விளிம்பில் 2,160 பற்கள். பற்களோடு பொருந்திச் சுழலும் ஒரு திருகு. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். அதாவது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு. பெரிய சுற்றைச் சிறிய நகர்வாக மாற்றும் இந்தத் தந்திரமே இன்றைய கைச்சுழல்மேசைக்குள்ளும் இருக்கிறது.

பல மேசைகளில் திருகு 90 சுற்றுச் சுற்றினால் மேசை ஒருமுறை சுழலும். பகுப்புத் தலை என்னும் அதன் சகோதரக் கருவியில் பெரும்பாலும் 40 சுற்று. கவராயத்தைத் திணறவைத்த ஏழை எடுத்துக்கொள்வோம். நாற்பதை ஏழால் வகுத்தால் ஐந்து முழுச் சுற்றும், ஏழில் ஐந்து பங்கும் வரும். பங்கை எப்படிச் சுற்றுவது? கைப்பிடிக்கு அடியில் துளைவளையங்கள் உள்ள தட்டு ஒன்று இருக்கிறது. 21 துளைகள் உள்ள வளையத்தில் 15 துளை தள்ளி முளையை இறக்கினால் காரியம் முடிந்தது. கணிதம் மறுத்ததைப் பின்னம் கொடுத்துவிட்டது! ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. திருகுக்கும் பல்லுக்கும் இடையே சிறிது ஆட்டம் இல்லாமல் இராது. ஆகையால் எப்போதும் ஒரே திசையிலிருந்தே குறியை அணுக வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடியும் வர வேண்டும்.

கோவையில் சிறு பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் என்னிடம் வந்தார். பித்தளை வளையம் ஒன்றுக்கு, நடுவிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளி, சுற்றிலும் ஆறு துளைகள் போட வேண்டும். மாதம் ஐயாயிரம் வளையம். முதலில் செய்து அனுப்பிய தொகுதி முழுவதும் அளவு தவறியது என்று திரும்பி வந்திருந்தது. கடன் வாங்கியாவது நல்ல மேசையாக வாங்கிவிடுவது என்று தீர்மானித்து, கையில் ஒரு விலைப்பட்டியலோடு வந்திருந்தார்.

“பத்து விகலைக்குமேல் பிழை வராதென்று போட்டிருக்கிறார்களுங்க. விலை ரொம்ப அதிகம். ஆனாலும் வாங்கிவிடலாமுங்களா?” என்றார்.

ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலைக்கு அறுபது விகலை என்பது உங்களுக்குத் தெரியும். பத்து விகலை என்றால் மிக நுட்பம்தான். ஆனால் கோணப் பிழை எவ்வளவு தூரத்தில் நின்று தீங்கு செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் அல்லவா? 9 மில்லிமீட்டர் தூரத்தில் பத்து விகலை என்பது அரை மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆறு மடங்கு மட்டமான மேசை, அதாவது ஒரு முழுக் கலை தவறும் மேசைகூட, அங்கே இரண்டரை மைக்ரானுக்குச் சற்று மேலாகத்தான் தவறும். அவருடைய வரைபடமோ 50 மைக்ரான் வரை பிழையை மன்னிக்கிறது. இதுவே 300 மில்லிமீட்டர் தூரத்தில் துளை போடும் வேலையானால், அதே ஒரு கலை 87 மைக்ரானாக வளர்ந்து உறுப்பைக் கெடுத்துவிடும். பெரிய உறுப்புக்காரர் கொடுக்க வேண்டிய விலையைச் சிறிய உறுப்புக்காரர் கொடுப்பது வீண்.

அப்படியானால் தொகுதி ஏன் திரும்பி வந்தது? அவருடைய பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். வளையத்தைப் பிடித்திருந்தது, தேய்ந்துபோன மூன்று தாடைச் சக். டயல் கேஜை வைத்துத் திருப்பினால், வளையத்தின் நடு மேசையின் நடுவைவிட்டு 60 மைக்ரான் ஒதுங்கியிருந்தது. மேசை எவ்வளவு நுட்பமாகத் திரும்பினாலும் இதற்கு மருந்து இல்லை. ஆறு துளைகளும் தமக்குள் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் ஆறும் சேர்ந்து வளையத்தின் நடுவைவிட்டு ஒரு பக்கமாகப் போயிருக்கும். சிறு உறுப்புகளில் முதல் எதிரி கோணமன்று, நடுவிலகல். பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் உறுப்பைச் சுற்றிலும் சமமாகக் கவ்விப் பிடிக்கும் காலெட். அதன் பிறகே மேசை.

பூட்டின் பலத்தையும் இப்படியே கணக்கிடலாம். கட்டர் 500 நியூட்டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். 9 மில்லிமீட்டர் ஆரத்தில் அதன் திருப்புத்திறன் நாலரை நியூட்டன் மீட்டர். 150 மில்லிமீட்டர் ஆரத்தில் 75. படுக்கைவாட்டில் கிடக்கும் மேசையில் மேலிருந்து துளைக்கும்போதோ, விசை பெரும்பாலும் கீழ்நோக்கியே போவதால், திருப்ப முயலும் பங்கு சொற்பம். நண்பருக்கு மிகப் பெரிய பூட்டு அவசியமில்லை.

அவருக்கு அவசியமானது வேகம். கையால் முளையைத் தூக்கி, சுற்றி, இறக்கி, பூட்டுவதற்கு ஐந்து வினாடி. காற்றழுத்தத்தால் தானே திரும்பும் மேசைக்கு ஒரு வினாடி என்று கொள்வோம். துளைக்கு நான்கு வினாடி மிச்சம். ஐயாயிரம் வளையத்துக்கு முப்பதாயிரம் துளை; ஒரு லட்சத்து இருபதாயிரம் வினாடி; அதாவது முப்பத்து மூன்று மணி நேரம். மாதத்தில் நான்கு நாள் வேலை!

வேலை இன்னும் பெருகினால் வேறு வகை மேசை உண்டு. அது ஓர் உறுப்பைப் பகுப்பதில்லை. பல உறுப்புகளைச் சுமந்துகொண்டு நிலையம் நிலையமாக நகரும். ஒரு நிலையத்தில் ஆள் உறுப்பை மாற்றுவார், அடுத்ததில் துளை, அதற்கடுத்ததில் மரை. சினிமாப் படச்சுருளை ஒவ்வொரு சட்டமாக இழுத்து நிறுத்திய ஜெனீவாச் சக்கரம் இத்தகைய சில மேசைகளிலும் உண்டு. ஏற்றி இறக்க 8 வினாடி, துளைக்க 12, விளிம்பு சீவ 6, மரையிட 10 என்றால், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய 36 வினாடி ஆகும். நான்கு நிலைய மேசையிலோ, நகரும் நேரம் நீங்கலாக, 12 வினாடிக்கு ஓர் உறுப்பு விழும். மிகத் தாமதமான நிலையமே மேசையின் வேகம். ஆனால் உறுப்பு மாறினால் எல்லா நிலையங்களையும் மாற்றியாக வேண்டும். மாதம் ஐயாயிரத்துக்கு அது யானை கட்டித் தீனி போடுவது போலாகும். கணினியால் இயங்கும் மேசை எந்தக் கோணத்துக்கும் திரும்பும். ஆனால் நாள்தோறும் அதே ஆறு துளைக்கு அந்தச் சாமர்த்தியம் எதற்கு?

முடிவில் நண்பர் வாங்கியது, காற்றழுத்தத்தால் இயங்கி, 24 பல்லுள்ள முகவளையத்தில் அமர்ந்து நிற்கும் சிறு மேசை. எதிரெதிரே கோத்துக்கொள்ளும் பற்கள் எல்லாம் ஒருங்கே பிடிப்பதால், ஒரு பல்லின் பிழையை மற்றவை பகிர்ந்துகொள்ளும், ஆட்டத்துக்கும் இடமில்லை. இருபத்து நான்கை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று வகுக்கலாம். ஐந்துக்கும் ஏழுக்கும் வழியில்லை. அவை எப்போதாவது வந்தால் பழைய கைமேசை மூலையில் காத்திருக்கிறது.

பணம் கொடுக்குமுன் விற்பவரிடத்திலேயே இரண்டு சோதனை செய்து பார்த்தோம். மேசையின் நடுத்துளைக்குள் டயல் கேஜின் முனையை வைத்து ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, முள் எவ்வளவு அலைகிறது என்று பார்த்தோம். பிறகு முனையை விளிம்பில் வைத்து, மேசையைப் பூட்டியும் அவிழ்த்தும் பார்த்தோம். முதலில் காட்டிய மேசையில் பூட்டும்போதெல்லாம் முள் துள்ளியது. அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, அதே வகையில் இன்னொன்றை இறக்கச் சொன்னோம்.