தொங்கு பாராளுமன்றமும் பிரித்தானிய மக்களும்



எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாத பாராளுமன்றத்தை ஆங்கிலேயர் 'தொங்கு பாராளுமன்றம்' என்பர். பிரித்தானியாவில் பொதுத்தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இச்சொல்லைப் பூச்சாண்டி போல மக்கள்முன் நிறுத்துவதுண்டு. அந்த அச்சம் நியாயமானதா, அதனால் ஆதாயம் பெறுவோர் யாவர் என்பதை இன்று ஆராய விழைகின்றேன். வெஸ்ட்மின்ஸ்டர் முறையைச் சோல்பரி அரசியலமைப்பின் வழியாகப் பெற்ற நமக்கு இது புறம்பான விடயமன்று. 1960 மார்ச்சுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50 இடங்களையும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46 இடங்களையும் பெற்றமையும், டட்லி சேனநாயக்காவின் அரசு அடுத்த மாதமே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் வீழ்ந்தமையும் நாம் அறிந்த வரலாறு.

முதற்கண் மரபை அறிதல் வேண்டும். பிரித்தானியாவில் பிரதமரைப் பொதுமக்கள் சபை வாக்களித்துத் தெரிவு செய்வதில்லை. சபையின் நம்பிக்கையை இழக்காதவரை பெரும்பான்மையற்ற அரசும் ஆட்சி நடத்தலாம். அடுத்து வருபவர் யார் என்பது தெளிவாகும்வரை, இருக்கும் பிரதமரே பதவியில் தொடர்வார். ஆகவே, தொங்கு பாராளுமன்றம் என்றால் நாட்டில் அரசே இல்லை என்று எண்ணுவது பேதைமை.

1974ஆம் ஆண்டு பெப்ரவரியில், சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின் நடுவே, பிரதமர் எட்வேட் ஹீத் தேர்தலை அழைத்தார். "பிரித்தானியாவை ஆள்வது யார்?" என்பதே அவர் எழுப்பிய வினா. மக்கள் அளித்த விடை விசித்திரமானது. அவரது கொன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கூடுதலான வாக்குகளை அளித்தனர்; ஆனால் இடங்களிலோ அக்கட்சி 297, தொழிற்கட்சி 301. ஏறத்தாழ அறுபது இலட்சம் வாக்குகள் பெற்ற லிபரல் கட்சிக்குக் கிடைத்தவை 14 இடங்களே! லிபரல் தலைவர் ஜெரமி தோர்ப்புடன் ஹீத் நடத்திய பேச்சு முறிந்தது. ஹரல்ட் வில்சன் சிறுபான்மை அரசு அமைத்தார். "ஆள்வது நீரல்லர்" என்று ஹீத்துக்குச் சொன்ன மக்கள், "நீரே ஆளுக" என்று வில்சனுக்கும் முழு மனத்தோடு சொல்லவில்லை. அதனை மக்களின் குழப்பம் என்று இகழ்ந்தோர் உளர். நானோ அதனைத் தீர்ப்பு என்பேன்.

2010ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, தொங்கு பாராளுமன்றம் வந்தால் நாட்டின் பொருளாதாரம் தத்தளிக்கும் எனக் கொன்சர்வேட்டிவ் தலைவர்கள் எச்சரித்தனர். வந்ததும் அதுவே. அவர்களுக்கு 306, தொழிற்கட்சிக்கு 258, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 57. மே 6இல் தேர்தல். மே 11இல் டேவிட் கமரன் பிரதமரானார். எச்சரித்தவர்களே கூட்டரசுக்குத் தலைமை தாங்கினர். அவ்வரசு ஐந்தாண்டுத் தவணை முழுவதும் நிலைத்தது.

ஆயினும் பூச்சாண்டி ஒழிந்ததா? இல்லை. 2015இல், தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சியின் அலெக்ஸ் சால்மண்டின் சட்டைப் பையில் இருப்பதாகச் சித்திரித்த சுவரொட்டிகளால் கொன்சர்வேட்டிவ் கட்சி ஆங்கிலேயரை அச்சுறுத்திற்று. 2017இல் "வலுவும் உறுதியும் வாய்ந்த அரசு" என முழங்கிய தெரேசா மே அம்மையார், இருந்த பெரும்பான்மையையும் இழந்து, வட அயர்லாந்தின் பத்து உறுப்பினர்களை நாடினார். அவர்களின் ஆதரவோடு வட அயர்லாந்துக்கு நூறு கோடி பவுண் மேலதிக நிதியும் உறுதியாயிற்று.

இங்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. அதனை நாம் மறைத்தல் ஆகாது. பத்துப் பேர் தம் பகுதிக்கு இவ்வளவு பெறுவது ஏனைய வாக்காளருக்கு நீதியா? கூட்டரசில் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது? இவை வெறும் வீண் கேள்விகள் அல்ல. ஆனால் தனிப் பெரும்பான்மை மட்டும் நீதியின் வடிவமா? 2024இல் தொழிற்கட்சி நூற்றுக்கு 34 வீதத்துக்கும் குறைவான வாக்குகளைக் கொண்டு, 650 இடங்களுள் 411ஐக் கைப்பற்றியது. மூன்றில் ஒரு பங்கு வாக்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இடங்களாயிற்று!

எனவே, பேரம் பேசுவதே இழுக்கு என்று நான் கருதவில்லை. எதை வைத்துப் பேசுகின்றனர் என்பதே கேள்வி. பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என எழுத்திலே கையொப்பமிட்டு வாக்குக் கேட்டனர் லிபரல் ஜனநாயகக் கட்சியினர். கூட்டரசில் அமர்ந்த சில மாதங்களிலேயே, கட்டண உச்சவரம்பை ஆண்டுக்கு 9,000 பவுணாக உயர்த்தும் தீர்மானம் வந்தது. அவர்களுட் பலர் ஆதரித்தனர், பலர் எதிர்த்தனர், கட்சி இரண்டுபட்டது. பதிலாக அவர்கள் பெற்ற வாக்குமுறைச் சீர்திருத்த வாக்கெடுப்போ 2011இல் பெருந்தோல்வி கண்டது. 2015இல் 57 இடங்கள் எட்டாகச் சுருங்கின. மக்கள் தண்டித்தது கூட்டைச் சேர்ந்தமைக்காக மட்டுமன்று, கொடுத்த சொல்லைக் கைவிட்டமைக்காகவுமே என்பது என் துணிபு.

இன்னொரு காட்சியையும் நோக்குங்கள். 1910இல் நிகழ்ந்த இரு தேர்தல்களிலும் பெருங்கட்சிகள் இரண்டும் ஏறத்தாழச் சமபலம் பெற்றன. ஜோன் ரெட்மண்டின் எழுபதுக்கு மேற்பட்ட அயர்லாந்து உறுப்பினரே சமநிலையைக் கையில் வைத்திருந்தனர். நம் முன்னோர் துலா மிதித்த கதையை முதியோர் அறிவர். மிதிப்பவன் ஓரடி முன்வைத்தால் பட்டை தாழும். ஓரடி பின்வைத்தால் மேலெழும். ரெட்மண்ட் அவ்வாறே நின்றார். 1911இல் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரம் ஒடுக்கப்பட்டது, 1912இல் அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதா வந்தது, 1914இல் சட்டமுமாயிற்று. ஆனால் போரைக் காரணங் காட்டி அது நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் நடைமுறைக்கு வரவேயில்லை. 1918இல் அயர்லாந்து மக்கள் சின் பெயின் கட்சிக்கு 73 இடங்களை அளித்தனர். ரெட்மண்டின் கட்சிக்கு அயர்லாந்தில் எஞ்சியவை ஆறே. பட்டை மேலெழுந்தது உண்மை. பயிருக்கு நீர் பாயவில்லை!

அன்பர்களே! காணி வாங்கும் கமக்காரர் வாய்ப்பேச்சோடு நில்லார். நொத்தாரிசிடம் சென்று உறுதி முடிப்பார். எல்லையையும் அளந்து பார்ப்பார். முடித்த பின்னர் காணியைக் கைப்பற்றவும் தவறார். பெரும்பான்மையற்ற சபையிலே கட்சிகள் செய்யும் உடன்படிக்கைக்கும் அவ்விதியே பொருந்தும். அது மக்கள் அறிய எழுதப்படல் வேண்டும். தேர்தலில் அளித்த வாக்குறுதிக்கு முரணாதிருத்தல் வேண்டும். நிறைவேறும் நாளும் அதிலே குறிக்கப்படல் வேண்டும். இவை இருப்பின் தொங்கு பாராளுமன்றத்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை. இவை இல்லையேல், அறுதிப் பெரும்பான்மை கொண்ட அரசுக்கே நாம் முதலில் அஞ்சுதல் வேண்டும். ஏனெனில் அங்கே தடுத்து நிறுத்துவாரும் இலர்.